அறுபத்தைந்து அடிக் கம்பம்

கல்லறைத் தோட்டத்திலிருந்து காரை வெளியே எடுத்த ஜோலின், வீட்டுப் பக்கம் திருப்பப் போனாள். பக்கத்தில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த அம்மா ஐரீன் தடுத்தாள்.

"டவுன் ஹாலுக்கு விடு."

"இன்னைக்காம்மா?"

"நாலு மணிக்கு விசாரணை. தேதி அவங்க வச்சது. உங்கப்பா வச்சதில்ல."

அப்பா வெண்டல் குரோப் ஞாயிறு காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ அவருக்கு உயிர். கொல்லையில் அறுபத்தைந்து அடிக்கு ஆன்டெனாக் கம்பம் நட்டிருந்தார். முப்பத்தைந்துக்கு மேல் கூடாது என்பது அந்த ஒஹாயோ ஊரின் விதி. ஹாம்காரர்களுக்கு ஊர்கள் நியாயமாக இடம்கொடுத்தே ஆகவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. இரண்டுக்கும் நடுவே, விலக்கு கேட்டு அவர் போட்ட மனு இரண்டு வருடங்களாக இழுபறி.

ஜோலினுக்கு அந்தக் கம்பத்தைக் கண்டாலே ஆகாது. ஃபின்லாந்தில் இருக்கும் முகம் தெரியாதவரோடு ஒரு மணி நேரம் பேசுகிறவர், மகள் போன் செய்தால் இரண்டே நிமிடத்தில், "இரு, அம்மாட்ட குடுக்கறேன்," என்றுவிடுவார்.

டவுன் ஹாலில், கம்பத்தின்மேல் புகார் கொடுத்த பக்கத்து வீட்டு பாட் ரென்னர் கடைசி வரிசையில் இருந்தாள். அவளும் அடக்கத்துக்கு வந்த அதே உடையில்தான் இருந்தாள். காலையில் துக்க வீட்டுச் சாப்பாடாக, அவனில் சுட்ட நூடுல்ஸ் கேசரோல் கொண்டுவந்து வைத்ததும் அவள்தான்.

விசாரணைக் குழுத் தலைவர் துக்கம் விசாரித்தார். பிறகு தணிந்த குரலில் விளக்கினார்: மத்திய அரசின் சலுகை லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டுமே, அவர் இல்லாதபோது மனுவும் இல்லை, தொண்ணூறு நாளில் கம்பத்தை இறக்கிவிட வேண்டும்.

ஜோலின் தலையாட்டி எழுந்துவிட்டாள். ஐரீன் எழவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் தள்ளினாள்.

"லைசென்ஸ் எங்கிட்டயும் இருக்கு."

ஜோலின் பிறப்பதற்கு முந்தைய வருடம் பரீட்சை எழுதி வாங்கியது. பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்திருந்தாள். மகள் மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள். தலைவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஊர் வக்கீலிடம் நீட்டினார். அவர், மனுவை இந்தம்மா பேரில் தொடரலாம் என்றார்.

பின்னாலிருந்து பாட் கேட்டாள்: "நீ அதுல ஒருநாள்கூட பேசி நான் பாத்ததில்லையே, ஐரீன்?"

"ரெண்டு பேருமே பேசினா கேக்கறதுக்கு ஆள் வேணாமா, பாட்?"

யாரோ சிரித்துவிட்டு, இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் குழு தங்களுக்குள் பேசியது. கடைசியில் ஐம்பது அடி என்று வந்து நின்றார்கள். பாட் யோசித்தாள், தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாள். தலைவர் ஐரீனைப் பார்த்தார்.

"அவரா இருந்தா ஒத்துக்க மாட்டாரு," என்றாள் ஐரீன். "நான் ஒத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஜோலின் கேசரோலைச் சுடவைத்து இரண்டு தட்டுகளில் போட்டாள். கூப்பிட்டதற்குப் பதில் வராததால் தட்டுகளோடு, அப்பாவின் ரேடியோ இருந்த நிலவறைப் படியில் இறங்கினாள்.

அம்மா அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ இன்னும் அணைந்தே இருந்தது. அவள் கால்கள் தரைக்கு எட்டவில்லை. குனிந்து இருக்கைக்கு அடியில் கையால் துழாவினாள். உயரத்தை மாற்றும் பிடி அகப்பட்டது. நாற்காலி மெல்ல இறங்கி, அவளுடைய கறுப்புச் செருப்புகள் தரையில் பதிந்ததும் நின்றது.