காவேரி எழுதாத மெயில்கள்

அந்தோணிராஜுக்கு டைப்பிங் நன்றாக வரும். ஊரில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி, ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தான். ஸ்க்ரூ முடுக்குகிற வேலைக்கு டைப்பிங் எதற்கு? ஆனாலும் ஹெச்.ஆர். ஆபீசர் சங்கரநாராயணன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். பஸ் பாஸ் புதுப்பிக்கிற மாதம் வந்தால் நூற்று அறுபது பேருடைய விண்ணப்பங்களை அப்படியே கட்டி இவன் தலையில் வைத்துவிடுவார். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி, போட்டோ, எல்லாம் அதில் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிரெய்னி கை வைக்கக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் பண்ணிக் கொடுப்பான். ஊரார் வீட்டுப் பெண்களின் விவரத்தை இப்படிப் பையில் தூக்கிக்கொண்டு அலையலாமா என்று அவனுக்கும் தோன்றவில்லை, ஆபீசருக்கும் தோன்றவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் யாருக்குத்தான் தோன்றியது?

அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் மாசானம். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், கூச்ச சுபாவம். கம்பெனி பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதற்காகப் பின்வாசல் வழியாகவே ஏறுவான், பின்வாசல் வழியாகவே இறங்குவான். எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று ஆசைப்பட்டு அவனும் ஒரு மெயில் ஐ.டி. கேட்டான். அந்தோணிராஜ்தான் உண்டாக்கிக் கொடுத்தான். அவனுக்கு யார் மெயில் அனுப்பப் போகிறார்கள்? ஆனாலும் வாரா வாரம் வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டி, காலியாகக் கிடக்கிற பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவான். அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

பாவம் பார்த்துத்தான் அந்தோணிராஜ் முதல் மெயிலை எழுதினான். அதை நான் மறுக்கவில்லை. அனுப்புவதற்கு உண்டாக்கிய புது ஐ.டி.க்குப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டது. யோசிக்கச் சோம்பல்பட்டு, பைக்குள் கைவிட்டு மேலே இருந்த விண்ணப்பத்தை எடுத்தான். காவேரி, தகப்பனார் தாண்டவராயன், வடக்குப்பட்டு. அவளை அவன் பார்த்ததுகூட இல்லை. 'நானும் உங்கள் கம்பெனிதான், உங்களைப் பார்த்திருக்கிறேன்' என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாசானம் அதை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு மூச்சை இழுத்து விட்டான்.

இரண்டு வாரத்தில் சொல்லிச் சிரித்துவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் மாசானம் தினமும் முகம் மழிக்க ஆரம்பித்தான். அவன் சமைக்கிற முறை வரும்போது பருப்புக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அறையில் அவன் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அந்தோணிராஜ்தான் என்பதால், வந்த மெயிலை எல்லாம் அவனிடமே வந்து சொன்னான். தான் எழுதியதைத் தானே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான் இவன். போகப் போக இவனுக்கு எழுதுவதே ருசித்துவிட்டது. வேலை நேரத்தில்கூட, அடுத்த ஞாயிறு என்ன எழுதலாம் என்ற யோசனைதான். ஒருநாள் நல்ல மழை. மழை பெய்யும்போது கம்பெனி ஷெட்டுக்குள் யாருக்கும் தெரியாது, எல்லோரும் வெளியே வந்து ஈரத்தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்று ஒரு மெயில் எழுதினான். மாசானம் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டான். அதன்பிறகு வந்த ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்தான். மெயிலில் தெரிந்துகொண்ட காவேரியின் பிறந்த நாளுக்கு ஒரு கவிதையும் எழுதி அனுப்பினான். தேதி என்னவோ உண்மையான தேதிதான்.

போட்டோ வேண்டும் என்று கேட்டபோதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த விண்ணப்பத்திலிருந்த போட்டோவை ஸ்கேன் பண்ணி அனுப்பினான். அவள் வேறு ஷிப்ட், மாசானம் வேறு ஷிப்ட், அத்தனை பெண்களில் யாரை எங்கே பார்க்கப் போகிறான் என்று ஒரு தைரியம்.

அடுத்த மாதமே ஷிப்டை மாற்றிப் போட்டார்கள்.

"லே, அவளைப் பாத்தேம்லே. வடக்குப்பட்டு ஸ்டாப்புல ஏறுதா. போட்டோல உள்ளது மாதிரியேதாம்லே இருக்கா" என்று மாசானம் வந்து நின்றான். அந்த ஞாயிறே அந்தோணிராஜ் காவேரியாக உட்கார்ந்து எழுதினான்: வெளியில் என்னோடு பேச வேண்டாம், அப்பாவுக்குத் தெரிந்தால் வேலைக்கு அனுப்ப மாட்டார். மாசானம் சொன்ன சொல் தவறவில்லை. நாற்பது நாள் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் அவள் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படி ஒருவன் பின் சீட்டில் இருக்கிறான் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

இனி தாங்காது என்று ஒரு ஞாயிறு கடைசி மெயிலை எழுதினான் அந்தோணிராஜ். 'எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். என்னை மறந்துவிடுங்கள்.' ஐ.டி.யை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து டீ குடித்தான். தொல்லை விட்டது என்று அன்று நன்றாகத் தூங்கினான். அவன் அப்படித் தூங்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த ஞாயிறு மாசானம் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரிண்ட் எடுத்த தாள்களை ஒரு ஃபைலில் அடுக்கி, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வடக்குப்பட்டுக்குப் பெண் கேட்கப் போனான். சாயங்காலம் கிழிந்த சட்டையோடு திரும்பி வந்து, சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னான்.

தெருக் குழாயடியில் காவேரி துணி அலசிக்கொண்டிருந்தாளாம். அவளிடம் போய், "நீ ஒண்ணும் பயப்படாத, நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறான். தாண்டவராயன் நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு நாலு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். மகளை வேலைக்கு அனுப்ப ஒரு வருஷம் யோசித்தவர். அந்தத் தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய முதல் பெண் அவள்தான். அவர் ஃபைலைத் திறந்தார். மகள் போட்டோ. மகள் பெயர். தன் பெயர். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த பிறந்த தேதி. படிக்கத் தெரிந்த வரைக்கும் படித்தார். "இந்த ஆளு யாருன்னே தெரியாது நைனா" என்று காவேரி சொன்னாள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். "தெரியாமத்தான் உன் பொறந்த நாளு சொல்றானா?" என்று அவர் கேட்டார். அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது.

"அவளுக்குப் பயம்லே. அப்பா முன்னாடி தெரியாதுன்னுட்டா" என்றான் மாசானம். அந்தோணிராஜ் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை தாண்டவராயன் கம்பெனி கேட்டுக்கு வந்து, மகளுடைய அடையாள அட்டையையும் யூனிபாரத்தையும் செக்யூரிட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மாசானத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினான். இவன்தான் ஏற்றிவிட்டு வந்தான்.

விஷயம் பெரிதாகப் பேசப்பட்டதால் கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து சைபர் க்ரைம் பிரிவு அதிகாரி ஒரு அம்மா வந்திருந்தார். கேன்டீனில் சாப்பாட்டு மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் மறக்காமல் வெளியேறுங்கள், போட்டோவையும் பிறந்த தேதியையும் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், ஏதாவது நடந்தால் வந்த மெயிலை அழித்துவிடாமல் உடனே புகார் கொடுங்கள் என்றெல்லாம் சொன்னார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்.

"இன்னொருத்தர் பேர்லயும் போட்டோலயும் நீங்க எழுதினா அதுவும் குற்றம்தான். எங்ககிட்ட வர்ற பசங்க முக்கால்வாசிப் பேர் விளையாட்டுக்குப் பண்ணேன் மேடம்னுதான் அழுவாங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு படிப்பையோ வேலையையோ விட்டிருக்கும்."

அந்தோணிராஜ் அன்று மதியம் சாப்பிடவில்லை. நேரே சங்கரநாராயணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அந்த விண்ணப்பக் கட்டைக் கொடுத்தது தான்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். காவேரி மேல் எந்தத் தவறும் இல்லை, மாதக் கடைசிக்குள் வந்தால் அதே வேலை உண்டு என்று கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். "நீ நாளையிலேருந்து வர வேண்டாம். அவங்க கேஸ் கொடுத்தா, கூப்பிடும்போது நீதான் போய் நிக்கணும்" என்றார். இவன் சரி என்றான்.

பிறகு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாசானத்தின் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னான். திட்டுவான் என்று காத்திருந்தான்.

"அந்த மழை அன்னைக்கு எழுதுனதும் நீதானாலே?" என்று கேட்டான் மாசானம்.

"நாந்தாம்லே."

போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் இவனோடு பேசியதே இல்லை.

மறுநாள் காலை அந்தோணிராஜ் வடக்குப்பட்டுக்குப் போனான். அடி விழும் என்று நினைத்துத்தான் போனான். தாண்டவராயன் அடிக்கவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்து, இவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் தொழுவத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

"பெத்த பொண்ணு சத்தியம் பண்ணுச்சு. நம்பல நானு" என்றார். "இப்ப நீ யாரோ வந்து சொல்ற, நம்பறேன். இன்னா மனுசன் நானு."

உள்ளே காவேரி கதவோரம் நின்றிருந்தாள். அழவில்லை. அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அனுப்பறதுக்கு எனக்கொண்ணும் இல்ல" என்றார் தாண்டவராயன். "ஆனா இது தெருவுல நடந்தது. நாலு பேரு வாய மூடுனாத்தான் நான் அனுப்ப முடியும். என்னாண்ட சொன்னத ஒவ்வொரு வூட்டுலயும் போய்ச் சொல்லு."

அந்தோணிராஜ் வீடு வீடாகப் போனான். முதலில் எதிர்வீட்டு மரகதம் அக்கா. வடகம் காய வைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொறுமையாகத்தான் கேட்டாள். மெயில் என்றால் என்ன, ஐ.டி. என்றால் என்ன, கொடுக்காத போட்டோ எப்படிப் போகும் என்பதையெல்லாம் இவன் விளக்கினான். அந்த அதிகாரி அம்மா கேன்டீனில் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னான்.

"எழுதுனா கையெழுத்து தெரியாதா?" என்று கேட்டாள் மரகதம்.

"தெரியாதுக்கா. யார் எழுதினாலும் ஒரே எழுத்துதான்."

"அப்ப நீதான் எழுதுனன்னு நாங்க எப்படி நம்பறது?"

அடுத்த வீட்டில் கேட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒரு பெரியவர், "எத்தினியோ பொண்ணுங்க கீதே, அந்தப் பொண்ணு பேர்ல ஏன் எழுதுன?" என்றார். மேலே இருந்த விண்ணப்பம் அவளுடையது, அவ்வளவுதான் என்றான். அவர் நம்பவில்லை. இன்னொரு வீட்டில், காவேரி சொல்லித்தான் இவன் பழியை ஏற்க வந்திருக்கிறான் என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஆனாலும் விடவில்லை. அந்தத் தெருவை முடித்து, மறுநாள் பின்தெரு, அதற்கும் மறுநாள் ஏரிக்கரைத் தெரு என்று தெருத் தெருவாகப் போனான். காலில் விழச் சொன்ன இடத்தில் விழுந்தான். இத்தனையும் செய்தால் கணக்கு நேராகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இப்படி நம்பாவிட்டால் அவனால் நடந்திருக்கவே முடியாது.

நாலாம் நாள் காலை பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் வரும்போது காவேரி எதிரே வந்து வழிமறித்தாள். பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது, கை ஈரமாக இருந்தது. அவள் அவனோடு பேசியது அதுதான் முதல்முறை.

"அண்ணா, போதும். இதோட நிறுத்திக்கங்க."

"இன்னும் கொஞ்சம் வீடுதான் பாக்கி இருக்கு. முடிச்சிட்டா அப்பா உன்னை..."

"ஏரிக்கரைத் தெருவுல பெரியவங்களுக்கு அன்னிக்கு நடந்தது தெரியாது. நீங்க போய்ச் சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அங்கேருந்து ரெண்டு பொண்ணுங்க என்கூட பஸ்ல வருவாங்க. குடுக்காத போட்டோவே போவும், எழுதாத லெட்டரே வரும்னா எங்க பொண்ணு எதுக்கு அங்க போவணும்னு சொல்லிட்டாங்களாம் அவங்க வூட்டுல. இன்னிலேருந்து அதுங்களும் வேலைக்குப் போவல. ராத்திரி வந்து எங்க நைனாகிட்டயும் சொல்லிட்டுப் போனாங்க. அவரும் சரி, நீயும் போவ வேணாம்னுட்டாரு."

அந்தோணிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீங்க சொல்றது எல்லாம் நெசம்தான், எனக்குத் தெரியும்" என்றாள் காவேரி. "நெசமா இருக்கறதாலதான் அனுப்ப மாட்டேன்றாங்க. இனிமே யாராண்ட போயி இன்னா சொல்லுவீங்க?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் மிச்சக் கேனைக் கழுவப் போய்விட்டாள்.