புதையல்

பல் மருத்துவக் கல்லூரியின் கடைசி ஆண்டில் எல்லோரும் அழுக்கு வாய்க்காக அலைவார்கள். செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை அவரவரே கூட்டி வரவேண்டும். சுத்தம் செய்து காட்ட, பல்லில் காரை கெட்டியாகப் படிந்திருக்கவேண்டும். அவளும் அப்படி அலைந்தவள்தான். போன தடவை அவள் கூட்டிப்போன ஆள் காலையிலேயே வேறெங்கோ சுத்தம் செய்துகொண்டு பளபளவென்று வந்து நின்றார். தோற்றுப்போனாள். இன்னொரு தடவை தோற்றால் ஓர் ஆண்டு வீண்.

இந்தத் தடவை அண்ணன் இருந்தான். அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். வாய்ச் சுகாதாரம் பற்றி அவள் வகுப்பு நடத்திய கணக்கெடுப்பில் அத்தனை கேள்விக்கும் சரியான பதில் எழுதியவன். இரண்டு வேளை துலக்கவேண்டும், ஈறில் ரத்தம் வந்தால் அலட்சியம் கூடாது, எல்லாம் தெரியும். துலக்குவதுதான் கிடையாது. அவள் தோழிகள் அவனுக்குப் 'புதையல்' என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தி சினிமா டிக்கெட் காட்டி அவனைத் தன் தேர்வுக்கு இழுக்கப் பார்த்தாள். ஈறு வலிக்கிறது என்று அவன் சொல்லும்போதெல்லாம் தங்கையிடமிருந்து ஒரே பதில்தான்.

"பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கோண்ணா. யாரையும் கை வைக்க விட்றாதே."

தேர்வு நாளில் அவன் வாயைத் திறந்தான். பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி வந்தது. கீழ்ப்பற்களின் பின்னால், பழைய வாளியில் உப்புப் படிந்ததுபோல, மஞ்சளும் கறுப்புமாக ஒரே பாளம். கருவி பட்டதும் ஒரு துண்டு பெயர்ந்து நாக்கில் விழுந்தது. அடியிலிருந்து சீழ் கசிந்தது. ரத்தமும் எச்சிலும் துணுக்குகளும் உறிஞ்சுகுழாயில் கரகரத்துப் போயின. அவள் கையை நிறுத்தவில்லை.

கடைசிப் பாளம் வந்ததும் முன்பல் ஒன்று ஆடியது. அதுவரை காரைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

தேர்வாளர் வந்து வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்தார். இவ்வளவு முற்றும்வரை எங்கே இருந்தாய் என்று அண்ணனைக் கேட்டார்.

"தங்கச்சிதான் சார், பரீட்சை முடியட்டும்னா."

தேர்வாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நானும் எங்க மாமாவ இப்படித்தான் ஊறப்போட்டு வச்சிருந்தேன். நல்ல கேஸ். நீ பாஸ்மா. அந்தப் பல்லு தேறாது, எடுத்துடு."

அண்ணன் காதில் பாஸ் மட்டும்தான் விழுந்திருக்கவேண்டும். வாய் நிறையச் சிரித்தான். ரத்தம் பூசிய ஈறில் அந்தப் பல் முன்பக்கம் சாய்ந்தது. பக்கத்து நாற்காலியில் தேர்வு செய்துகொண்டிருந்த தோழி எட்டிப் பார்த்து, "கொடுத்து வச்சவடி நீ" என்றாள்.

அவள் துப்பும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள்.