பீடத்துக்கு அடியில் இருவர்

தேவாலயப் பீடத்தின் அடிக்கல்லில் குழி வெட்டும்போதுதான் அது தெரிந்தது. அப்பா உளியை எடுத்துவிட்டு, "தண்ணி ஊத்து" என்றார். குவளையைச் சாய்த்தேன். கல் நனைந்ததும் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒரு சுருள் ஓடு எழுந்து வந்தது. நத்தை மாதிரி, ஆனால் நத்தை இல்லை. என் உள்ளங்கை அகலம் இருக்கும்.

அந்தக் குழிக்குள் ஒரு புனிதரின் எலும்புத் துண்டைப் பேழையோடு வைத்து மூட வேண்டும். ஞாயிறன்று ஆயர் வருகிறார். அன்று வியாழன். பேழை இறங்க இன்னும் இரண்டு விரல் ஆழம் வேண்டும். வெட்டினால் ஓடு தூளாகிவிடும்.

அப்பா பங்குச்சாமியைக் கூப்பிட்டுவரச் சொன்னார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன், கூச்சத்தில் கூப்பிட வாய் வரவில்லை. சாமியே என் கையிலிருந்த ஈரக் குவளையைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சாமி அப்பாவைவிட இருபது வயது இளையவர். மூக்கு கல்லில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். இது கடல் பிராணி என்றும், மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே வாழ்ந்தது என்றும் சொன்னார். உயிரெல்லாம் ஒரே வேரிலிருந்து மெல்ல மெல்லக் கிளைத்து வந்ததாக விஞ்ஞானிகள் சொல்வதில் திருச்சபைக்குச் சண்டை இல்லையாம். ஆன்மாவை மட்டும் கடவுள் நேரே தருகிறாராம்.

"அப்ப இது எனக்கு மாமனா மச்சானா சாமி?"

"முறை தெரியல மேஸ்திரி. ரொம்பத் தூரத்துச் சொந்தம்."

"கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காத சொந்தம்."

சாமி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. உளியின் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆதாம் தப்புப் பண்ணித்தானே சாவு வந்துச்சு? அவருக்கு முன்னாடி இது எப்படிச் செத்துச்சு?"

வேதாகமத்தில் அந்த இடத்தில் பேச்சு மனிதனின் சாவைப் பற்றித்தான் என்று படித்ததாகச் சாமி மெதுவாகச் சொன்னார். பிறகு, "அதுல எனக்கே முழுத் திருப்தி இல்ல. உங்க மாதிரி நான் கேட்டுப் பாத்ததே இல்ல" என்றார்.

பதில் இல்லாத பொருள் பீடத்துக்கு அடியில் எதற்கு என்று அப்பா உளியை ஓட்டின் நடுவில் வைத்தார். சுத்தியலும் எழுந்தது. என் குவளைக்காகக் காத்திருந்தார். தண்ணீர் விழாமல் அவர் வெட்டமாட்டார். தூசி நெஞ்சில் போய்க் கட்டிக்கொள்ளும்.

நான் ஊற்றவில்லை. குவளையைத் தரையில் வைத்தேன். பேழையின் அளவுக்கு வெட்டிவைத்திருந்த அட்டையை ஓட்டுக்குப் பக்கத்தில் போட்டு, சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்தேன். நான்கு விரல் தள்ளி வெட்டினால் ஓடு தப்பித்துவிடும். அவசரத்தில் கோடு வளைந்துபோனது.

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"கோணலாப் போட்டிருக்கா பாருங்க" என்று சாமியிடம் குறை சொன்னார். பிறகு அதைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் நேராக வரைந்தார்.

"ஊத்து."

ஞாயிறன்று ஆயர் பேழையை உள்ளே வைத்தார். சாந்து பூசுவதற்கு முன் அப்பா துண்டால் குழியைத் துடைத்தார். புனிதருக்காகத் துடைக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். துண்டு போனது பக்கத்திலிருந்த ஓட்டின் மேல்.

திரும்பி வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"செத்தவங்களுக்காக வேண்டிக்கிறோமே, அதுல இதுவும் சேருமா? சாமிகிட்ட நீ கேட்டு வை" என்றார், வாசலில் வாய் வராமல் நின்ற என்னிடம்.