சத்தம் போடாத டிஸ்க்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் நல்லது சொன்னாலும் கோபம், அக்கா ஒரு கேள்வி கேட்டாலும் கோபம். எனக்குத் தெரிந்த வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் காது அடைத்துக்கொள்ளும். இவ்வளவும் அதனால் வந்த வினை.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடலாம், பேச்சு கிடையாது. அங்கிருந்த நர்ஸ்தான் எங்களைத் தனியாக உட்காரவைத்து ஒரு யோசனை சொன்னார். "குரல் இருக்கும்போதே தினமும் வீட்ல பேசுறதையெல்லாம் பதிவு பண்ணி வெச்சுக்கங்க. அப்புறம் போன்ல பட்டனைத் தட்டினா உங்க குரல்லயே பேசலாம். வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா கண்டிப்பா பண்ணுங்க."

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தாள். அக்கா மகள், எட்டு வயது, நாங்கள் கூப்பிடுவது குட்டி என்று. அவள் அப்பா வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். அக்கா கூரியர் ஆபீசில் போன் எடுக்கிறவள். நான் அதே வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டரும் மைக்கும் வைத்துக்கொண்டு கடைகளுக்கு விளம்பரப் பாட்டு பதிவு செய்து பிழைக்கிறவன். ஒரே மெட்டைச் செருப்புக் கடைக்கு வேகமாகவும் மெத்தைக் கடைக்கு மெதுவாகவும் போட்டு விற்றிருக்கிறேன். அக்கா என்னை 'எஞ்சினியர்' என்று கூப்பிடுவாள், மரியாதைக்காக அல்ல.

பதிவு செய்ய என் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. பாட்டும் மெட்டும் அடைத்துக் கிடந்தது. வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று உள்ளே தட்டு சுற்றுகிற பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க். இன்னொன்று உள்ளே எதுவும் சுற்றாத, தீப்பெட்டி அளவு எஸ்எஸ்டி, அதே விலைக்குப் பாதி இடம்தான்.

"எதுக்கு சார்?"

"வீட்ல ரெக்கார்டிங்."

"அப்ப சின்னதையே எடுத்துக்கங்க. பெரிசு சுத்துற சத்தம் மைக்ல ஏறிடும்."

"பத்து வருஷமா இதே வேலைதாங்க பாக்குறேன். எனக்கே சொல்றீங்களா?" என்றேன். பெரியதையே வாங்கினேன். இடம் நிறைய இருந்தால் அக்கா நிறையப் பேசலாம் என்பதுதான் கணக்கு. அந்த ஆளை மட்டம் தட்ட வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பின்னறையில் இருந்த துணி அலமாரிதான் எங்கள் ஸ்டுடியோ. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு முக்காலி போட்டேன். இரண்டு பக்கமும் கம்பளி தொங்கவிட்டேன். குட்டி பள்ளிக்கூடம் போனதும் அக்கா உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து வீட்டு மோட்டார் நிற்கிற நேரம் பார்த்துப் பதிவு. என்னென்ன பேச வேண்டும் என்பதைக் கூரியர் ஆபீஸ் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

எழுந்திரு, மணி ஏழாச்சு. பல்லு தேச்சியா, இல்லை பிரஷ்ஷை நனைச்சு வெச்சியா? ஷூவை வாசல்ல விடு. மாமாகிட்ட காசு வாங்கினே, தொலைச்சுடுவேன். எங்கே, காய்ச்சல் அடிக்குதா, கிட்ட வா. பொய் சொல்றப்ப உனக்கு மூக்கு விடைக்குது, தெரியுமா?

'குட்டி' என்று கூப்பிடுவதை மட்டும் பதினாறு விதமாகப் பதிவு செய்தாள். தெருமுனைக்குக் கேட்கிற குட்டி. தூங்குகிறவளை எழுப்புகிற குட்டி. ரிப்போர்ட் கார்டைப் பார்த்த பிறகு வருகிற, கடைசி எழுத்தை மென்று துப்புகிற குட்டி. அதைக் கேட்டு எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது. "உனக்கும் ஒண்ணு வேணுமாடா?" என்று கேட்டு எனக்கு நாலு வசவு பதிவு செய்து தந்தாள். இருவரும் சிரித்தோம். குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அவள் குரல்தான்.

மூன்றாம் நாள் பெரிய வரிகள் வந்தன. குட்டி முதல் சம்பளம் வாங்குகிற நாளுக்கு ஒன்று. யாராவது அவள் மனசை உடைத்துவிட்டால் கேட்க ஒன்று. "அம்மா இங்கதான் இருக்கேன், பயப்படாதே" என்று ஒன்று. அந்த வரியில் உடைந்துபோய் அலமாரிக்குள்ளேயே அழுதாள். அழுகை, மூக்கு சிந்தியது, நடுவில் கடவுளைத் திட்டியது எல்லாம் பதிவாயிற்று. நான் நிறுத்தவில்லை. நிறுத்தக் கை வரவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து ஹெட்போன் போட்டுக் கேட்டாள். கேட்டுக்கொண்டே நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னடா இது, என் குரலுக்குப் பின்னாடி கொசு கத்துது?"

டிஸ்க் சுற்றுகிற சத்தம். கடைக்காரர் சொன்ன அதே சத்தம். "அதெல்லாம் யாருக்கும் கேக்காது" என்றேன்.

"எனக்கே கேக்குது. அவளுக்குக் கேக்காதா? காலம் பூரா அவ அம்மாவைக் கொசுவோடதான் கேக்கணுமா, எஞ்சினியர்?"

மறுநாள் காலையில் கடைக்குப் போய் நின்றேன். அந்த மனிதர் 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசாறியிருப்பேன். "புதுசை எடுத்துட்டுப் போங்க சார். வாங்கி ஏழு நாளுக்குள்ள பழையதைப் பெட்டியோட கொண்டாந்து குடுத்துடுங்க" என்று சின்ன டிஸ்க்கைக் கையில் கொடுத்தார்.

இப்போது வருவதைத்தான் நான் தினமும் நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன்.

பழையதையும் புதியதையும் சேர்த்து மாட்டினேன். மூன்று நாள் வேலையையும் புதிய டிஸ்க்கில் சேமி என்று சொன்னேன். சேமிக்கும்போது ஒரு கட்டம் வரும், 'ஒலிக் கோப்புகளையும் சேர்த்து நகலெடு' என்று. அந்தக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுவது என் கைப்பழக்கம். ஒரே மெட்டைப் பத்துக் கடைக்கு விற்கிறவன் பத்துப் பிரதி வைத்திருக்க மாட்டான். மெட்டு ஓர் இடத்தில் கிடக்கும், மற்ற வேலையெல்லாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இடம் மிச்சம். பத்து வருஷமாக என் விரல் அந்த டிக்கைப் பார்க்காமலே எடுத்துவிடும். அன்றைக்கும் எடுத்தது.

ஒரே நொடியில் முடிந்துவிட்டது.

"பாத்தியா வேகத்தை! இதுக்குத்தான் நல்ல டிஸ்க் வேணும்ங்கிறது" என்று பீற்றிக்கொண்டேன்.

"இவ்வளவு சீக்கிரமாவா? எல்லாம் வந்துடுச்சா?" அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"சந்தேகப் பிராணி" என்று சொல்லிக்கொண்டே நடுவில் ஒரு வரியைத் தட்டினேன். மணி ஏழாச்சு என்றது. இன்னொன்றைத் தட்டினேன். ஷூவை வாசல்ல விடு என்றது. ஏன் ஒலிக்காது? பழைய டிஸ்க் பக்கத்திலேயே மாட்டியிருந்ததே! கோப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. புதியதில் வெறும் பட்டியல்தான் இருந்தது, எந்த வரி எங்கே இருக்கிறது என்கிற பட்டியல். பழையதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் போதும். ஒரே ஒரு தடவை.

கொசு இல்லாமல் எல்லா வரியையும் மறுபடி பேசிவிடுவது என்று திட்டம். பழையதைக் கழற்றிவைத்துவிட்டு, புதியதில் புது வேலை ஒன்றைத் திறந்தேன். அக்கா அலமாரிக்குள் உட்கார்ந்து மைக்கைச் சோதித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? இப்ப கேக்குதா?" ஹெட்போனில் கேட்டுவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து. கடைசியாக எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருக்கிறது, காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையில் வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் எழுந்து பையை எடுத்துத் துணி அடுக்கினாள்.

"குட்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா. பேசுறியா?" என்றேன்.

"வேணாம்டா. அதான் எல்லாம் இருக்கே. கொசுவோட இருந்தா இருந்துட்டுப் போகுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பழைய பெட்டியைத் திருப்பிக் குடுக்குறியே, அதுல நான் அழுதது இருக்குமா?" என்றாள்.

"அழிச்சுட்டுத்தான் குடுப்பேன்."

"அழிச்சதைத் திரும்ப எடுக்குறாங்களாமே. எங்க ஆபீஸ்ல சொல்றாங்க. எவனோ உக்காந்து நான் அழுறதைக் கேக்கக் கூடாது. மிச்சம் மீதி இல்லாம அழி."

மிச்சம் மீதி இல்லாமல் அழித்தேன். டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யத்தை எழுதி அழிக்கிற முறை ஒன்று உண்டு. நாலு மணி நேரம் ஓடியது. அக்கா குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், சின்னச் சின்னதாக ஏதோ பேசிக்கொண்டே. பக்கத்து அறையில் நான் அவள் குரலை அழித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரி என்றால் ஏழு நாள் கெடு தாண்டிவிடுமே என்று அவ்வளவு அவசரம் எனக்கு.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அப்படித்தான் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள், கழுத்தில் குழாயும் கையில் ஒரு சிலேட்டுமாக. வந்ததும் சிலேட்டில் எழுதினாள்: 'போன்ல போட்டுக் குடு. ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிடணும்.'

சின்ன டிஸ்க்கை மாட்டித் திறந்தேன். வரிகளின் அலைப்படம் திரை முழுக்க வந்தது. குரல் ஏறினால் தடிக்கும், மூச்சு விட்டால் மெலியும், அந்தப் படம். எல்லாம் அப்படியே இருந்தது. தட்டினேன். சத்தம் இல்லை. வேறொன்றைத் தட்டினேன். இல்லை. 'கோப்பு காணவில்லை' என்று ஒரு செய்தி வந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. அந்த வரிகளுக்கு டிஸ்க்கில் இருந்தவை பட்டியலும் படமும்தான்.

செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினேன். பழைய டிஸ்க் விற்றுப்போய்விட்டது. யார் வாங்கியது என்று கெஞ்சிக் கேட்டு, போன் நம்பர் வாங்க நின்றேன். கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"எப்படி சார் அழிச்சீங்க?"

சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "அப்படி அழிச்சா யாராலயும் எடுக்க முடியாது சார்" என்று சொன்னார்.

அவள் குரல் வேறெங்கும் இல்லையா என்று கேட்பீர்கள். தேடினோம். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்களைத் திட்டுகிறவள் அவள், எல்லாம் எழுத்துதான். இரண்டு வீடியோ கிடைத்தன. ஒன்றில் டிவி சத்தத்துக்குள் சிரிக்கிறாள். இன்னொன்றில் தூரத்திலிருந்து யாரையோ "தள்ளு" என்கிறாள். கூரியர் ஆபீசில் கேட்டால், அழைப்புகளை அங்கே சேமிப்பதில்லையாம்.

அக்காவிடம் சொன்னேன். டிக்கைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அலைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாகப் பதினாறு படம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே உதட்டை அசைத்தாள். குட்டி, குட்டி, குட்டி. கழுத்துக் குழாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"திட்டுக்கா. சிலேட்டாலயாவது அடிக்கா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அவளிடம் போய்த் திட்டச் சொல்கிறேன்! எனக்கென்று அவள் பதிவு செய்த நாலு வசவும் போய்விட்டது. அக்கா சிலேட்டை எடுத்தாள். 'எல்லாமா?' என்று எழுதினாள்.

"புது டிஸ்க்ல நீ மைக் சோதிச்சது மட்டும் இருக்கு. பதினோரு செகண்ட்."

'போடு' என்று எழுதினாள்.

போனில் ஏற்றிக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பட்டன் வைக்க என்று நான் செய்து வைத்திருந்த திரையில் ஒரே ஒரு பட்டன்.

நாலு மணிக்குக் குட்டி வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அக்கா உள்ளே நாற்காலியில் இருந்தபடி பட்டனைத் தட்டினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? இப்ப கேக்குதா?"

வாசலில் சத்தம் நின்றது. அப்புறம் ஒரே ஓட்டமாக உள்ளே வந்தாள், ஒரு காலில் ஷூவோடு.

"கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!" என்று அக்கா மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா இன்னொரு தடவை தட்டினாள். குட்டி போனைக் காதோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். அம்மா குரல், சுத்தமாக, பின்னால் எந்தக் கொசுவும் இல்லாமல்.

"கேக்குதும்மா" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "வேற ஏதாவது சொல்லும்மா" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.