பதினோரு மாத ஆட்கள்

எங்கள் பம்புசெட் நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியர்கள் ஆண்டுக்குப் பதினோரு மாதம் இருப்போம். பன்னிரண்டாவது மாதம் இருக்கமாட்டோம். முழு ஆண்டும் விடாமல் இருந்துவிட்டால் நிரந்தரம் கேட்டு வந்து நிற்போம் என்பதால், நடுவில் ஒரு மாதம் இடைவெளி விடுவார்கள். என்னுடைய இடைவெளி நவம்பர்.

இதை விடுமுறை என்று சொந்தக்காரர்கள் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. விடுமுறை என்றால் ஆள் எங்காவது இருக்க வேண்டும். நான் இருப்பதில்லை. அக்டோபர் கடைசி நாள் மாலை, கேட்டில் வாட்ச்மேன் மருதாசலம் என் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றுவார். டிசம்பர் முதல் தேதி காலை அதே இடத்தில் மாட்டிவிடுவார். நடுவில் எனக்கு ஒன்றும் கிடையாது. ஒருமுறை அவர் கழற்றும்போது தும்மல் பாதியில் இருந்தது. டிசம்பரில் தும்மி முடித்தேன். "நூறு வயசு" என்றார் மருதாசலம்.

வயது மெதுவாக ஏறுவது இதில் ஒரு வசதி. கல்யாணத்தின்போது நான் என் மனைவி கோகிலவாணியைவிட நான்கு மாதம் மூத்தவன். ஒன்பது ஆண்டில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். வீட்டில் பேச்சு முற்றினால், "பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணுங்க" என்பாள்.

எங்கள் மகள் பூவிழி ஒரு நவம்பரில் பிறந்தாள். அவள் பிறந்ததையும், அதற்கப்புறம் வந்த அவளுடைய பிறந்தநாள் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

நவம்பரில் என் நாற்காலியைச் சும்மா போட்டுவைக்க முடியாது. பம்பு டிராயிங் போட ஆள் வேண்டும். அதற்கென்று கிருபாகரன் என்பவரை எடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு மாதம் ஒப்பந்தம், பதினோரு மாதம் இடைவெளி. ஒரே ஒரு மாதத்துக்கு யாரும் வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள் என்பதால் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கிக்கொள்வார். நான் இருக்கும்போது அவர் இல்லை, அவர் இருக்கும்போது நான் இல்லை, ஆகவே நாங்கள் சந்தித்ததில்லை. என் செருப்பைத்தான் போட்டுக்கொள்வார் போலிருக்கிறது. டிசம்பரில் அது எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

நல்ல மனிதர் என்று கோகிலவாணி சொல்வாள். வைத்த குழம்பைக் குறை சொல்லமாட்டாராம். பூவிழிக்கு அவர் நவம்பர் மாமா. அவருக்கு அவள் மாதம் ஒரு வயது வளர்கிற குழந்தை. எனக்கு அவர்மேல் பொறாமை இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு சந்தை படுத்துவிட்டது. பம்பு வாங்க ஆளில்லை, பம்பு செய்கிறவர்களை வேலைக்குக் கூப்பிடவும் ஆளில்லை. பக்கத்து ஃபவுண்டரியில் ஒரு மாத இடைவெளியை மூன்று மாதமாக்கினார்கள். பிறகு முடியும் தேதியைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அங்கே வாட்ச்மேன் அறையில் கழற்றிய அட்டைகள் கொத்தாகத் தொங்குவதை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

"நிரந்தரத்துக்கு எழுதிக் குடுத்தரலாம்னு பாக்கறேன் யூசுப்பு" என்றேன் டீக்கடையில். யூசுப் எனக்கு அடுத்த மேஜை. அவரும் ஒப்பந்தம்தான், இடைவெளி ஜனவரி.

"எதுக்குங்ணா? நிரந்தரமாயிட்டா ஞாயித்துக்கெழமையும் இருக்கோணும். ஆண்டு விழாவுல மொதலாளி பாடுவாரு, கடைசி வரைக்கும் இருந்து கை தட்டோணும். நம்மனால ஆவாதுங்ணா."

"இடைவெளி முடியாமயே போயிருச்சுன்னா?"

"முடியலைன்னு நமக்கெப்படித் தெரியும்? இருந்தாத்தானுங்ணா தெரியறதுக்கு" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத் தெரியாது. ஆனால் பூவிழிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அவள் என் மடியில் உட்கார்ந்து, "ஏழாவது பொறந்தநாளுக்காவது நீங்க இருப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். மறுநாளே எழுதிக் கொடுக்கப் போனேன்.

மனிதவளப் பிரிவில் ஸ்டெல்லா மேடம் ஒரே ஒரு நிரந்தர இடம் இருப்பதாகச் சொன்னார்.

"பன்னெண்டு மாசமும் இருப்பீங்க சென்னியப்பன். சம்பளம் கொஞ்சம் குறையும். ஒரு மாசம் கூட இருக்கறீங்க இல்லையா, அதைப் பிடிச்சுக்குவோம்."

"கிருபாகரன்?"

"அவருக்கு நவம்பர் இருக்காது."

"மத்த மாசமுங்க?"

"மத்த மாசம் எப்பவுமே இல்லையே."

கையெழுத்துப் போட்டேன். என் மகளின் பிறந்தநாளை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தது போதும் என்றுதான் இருந்தது.

அக்டோபர் கடைசி நாள் மருதாசலம் என் அட்டையைத் தொடவில்லை. மறுநாள் காலையிலும் நான் இருந்தேன். அது நவம்பர்.

எனக்குப் பழக்கமில்லாத மாதம். மழை வடக்குப் பக்கமிருந்து சாய்வாக அடித்தது. எந்த ஜன்னலைச் சாத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சாத்தினேன், வீடு புழுங்கியது. சமையலறையில் ஓரிடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "அங்க வாளி வெக்கோணுங்க. அவரா இருந்தா வெச்சிருப்பாரு" என்றாள் கோகிலவாணி. குத்திக்காட்டவில்லை, நடப்பைச் சொன்னாள்.

பூவிழி என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்னறையில் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"அவரு வரமாட்டாரு கண்ணு. அவருக்கு மாசம் இல்லை."

"எங்க இருக்காருப்பா?"

"எங்கயும் இல்லை."

"நீங்களுந்தான் எங்கயும் இல்லாம இருந்தீங்க. அப்புறம் வந்தீங்கல்ல?" என்றாள். பாயின் ஓரத்தில் என் செருப்பையும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த மனிதர் ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு வாளியும் வைத்து, ஜன்னலும் சாத்தி, ஒரு குழந்தையும் தன்னைத் தேடும்படி நடந்திருக்கிறார். என்னிடம் இப்போது பன்னிரண்டு மாதம் இருந்தது. மறுநாள் ஸ்டெல்லா மேடத்திடம் போய், கிருபாகரனுக்காகக் கொஞ்சம் இடைவெளி கேட்டு நின்றேன்.

"நிரந்தர ஊழியருக்கு இடைவெளி கிடையாது. லீவுதான். லீவு எடுத்தா நீங்க இருப்பீங்க" என்றார். பிறகு மின்விசிறியை அண்ணாந்து பார்த்து யோசித்தார். "ஆண்டுக்கு ஒரு அரை நாள் ஒப்பந்தத்துக்கு மாறிக்கலாம். மத்தியானத்துக்கு மேல. அந்த நேரம் கிருபாகரனுக்கு. மறுநாள் காலையில நிரந்தரம் திரும்ப வந்துரும்."

எனக்குக் கேக் வெட்டும்போது இருக்க வேண்டும். அவரும் கேக் வெட்டும்போது இருக்க வேண்டும். ஆகவே வெட்டும்போதே மாற்றிக்கொள்வது என்று முடிவானது.

பிறந்தநாளன்று மருதாசலம் சீருடையில் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையில் கிருபாகரனின் அட்டை இருந்தது. கோகிலவாணி முறுக்கும் காப்பியும் கொடுத்தாள். யூசுப்பும் மனைவி ரமீஜாவும் வந்திருந்தார்கள். பூவிழி மெழுகுவத்தியை ஊதினாள். கத்தியைப் பிடித்திருந்த அவள் கைமேல் நான் கையை வைத்தேன். சின்னக் கை, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. இந்தக் கையை ஆறு நவம்பராக இன்னொருவர் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பொறாமை வரவில்லை. கத்தி கேக்கில் இறங்கியது. மருதாசலம் என் பின்னால் வந்து நின்றார்.

"கழட்டட்டுங்களா?"

"கழட்டுங்க" என்றேன்.

மருதாசலம் அட்டையை மாட்டியபோது காலையாகிவிட்டிருந்தது. என் கை கத்தியைப் பிடித்தபடி மடங்கியிருந்தது. வாசலில் செருப்பு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பூவிழி சீருடையில் நின்றாள், தலையில் புது ரிப்பன்.

"மாமா வந்தாரு. நான் ரொம்ப வளந்துட்டேன்னாரு. சமையக்கட்டுல வாளி வெச்சாரு."

"கேக்கு?"

"முன்னாடி கொஞ்சம் நீங்க. பின்னாடி கொஞ்சம் மாமா" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நடுவுல நானே ஒரு துண்டு வெட்டிட்டேம்ப்பா."

மருதாசலத்துக்கு அட்டைக் கயிறு சிக்கிக்கொண்டதாம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் அவள் கைமேல் யார் கையும் இல்லை. அவள் பாட்டுக்கு வெட்டியிருக்கிறாள், கோணாமல் வெட்டியிருக்கிறாள். அதைப் பார்க்க நாங்கள் இரண்டு பேருமே இல்லை. எனக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அவளைத் தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள்.

அந்தத் துண்டை மட்டும் யாரும் சாப்பிடவில்லை. யாருடைய நேரத்தில் வெட்டியது என்று சொல்ல முடியாததால் யார் சாப்பிடுவது என்று தெரியவில்லை. மருதாசலம் அதை டிபன் பாக்ஸில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். ஸ்டெல்லா மேடம் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம். இடைவெளியில் இருந்த முதல் ஆள் இதுதான் என்று சொல்லி, ஓர் அடையாள அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தம்தான். அதன் இடைவெளி மே மாதம். வெயிலுக்கு அது நல்லதுதான்.

ஜனவரியில் யூசுப்பின் இடைவெளி தொடங்கியது. முடியும் தேதியைச் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக வழக்கமாக வருபவரையும் சந்தை காரணமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது என் பக்கத்து நாற்காலியில் அந்தத் துண்டுதான் இருக்கிறது. டிராயிங்கில் தப்பு அதிகம் இல்லை. நிரந்தரம் கேட்கும் என்ற பயமும் நிர்வாகத்துக்கு இல்லை.

தங்குவது யூசுப் வீட்டில். போன ஞாயிற்றுக்கிழமை பூவிழியைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். முன்னறையில் யூசுப்பின் பாய்மேல் வைத்திருந்தார்கள்.

"ஒரு தொந்தரவும் இல்லீங்ணா. எறும்பைத்தான் பாத்துக்கோணும்" என்றார் ரமீஜா. சொல்லும்போது வாசலைப் பார்த்துக்கொண்டார். அங்கே யூசுப்பின் செருப்பு இருந்தது.

பூவிழி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். அதன் நடுவில் கிண்ணத்தோடு அதைத் தூக்கி வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தோம்.