கருவுக்கு ஒரு மீள்திருத்தம்

அஸர் தொழுகைக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்தது. எனக்கு மூத்தவளான ஹிமாயா ராத்தாவின் ஆறு முட்டைகளில் இரண்டு கருக்கட்டியிருந்தன. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது ஒன்றுதான். அதைக் கொழும்பு மருத்துவமனையில் உறையவைத்திருந்தார்கள். தரம்: 4-பி-சி.

வாப்பா போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார்.

"சி-யா?"

வாப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இருபத்திரண்டு வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைத் தாள் திருத்தியவர். எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் அவருக்கு ஒரு பரீட்சார்த்தி தெரிவார்.

"ஹிமாயா ஒரு நாளும் சி எடுத்ததில்ல. ஆர்ட சி இது?"

"என்டதான் வாப்பா. முட்டை தரம் காணாதாம்" என்று ராத்தா முந்திக்கொண்டாள்.

அது பொய். நான் விலங்கியல் படித்தவள் என்பதால் எல்லா அறிக்கைகளையும் விளக்கச் சொல்லி என்னிடம்தான் தருவாள். அவள் கணவர் அர்ஹம் மச்சானின் விந்து மாதிரி முழுவதையும் துழாவி ஆய்வுகூடத்தில் கண்டெடுத்தவை பதினொரு உயிரணுக்கள். கோடிக்கணக்கில் இருக்க வேண்டியவை. அவற்றில் ஆறைப் பொறுக்கி, முட்டைக்கு ஒன்றாக ஊசியால் செலுத்தினார்கள். வாப்பாவுக்கு முன்னால் 'உயிரணு' என்று சொல்லவே எனக்கு நாக்கு எழாது.

அர்ஹம் மச்சான் எழுந்து அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் பயணப் பை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் வீட்டை விட்டுப் போவதென்றாலும் அவர்தான் போக வேண்டும்.

"நான் மருதமுனைக்கு, எங்கட வீட்டுக்குப் போறன் மாமா. அந்த சி என்ட. ஹிமாயாவுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் காணா. மொத்தமே பதினொண்டு."

குசினி அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "எதுக்குக் காணா? கிரிக்கெட்டுக்கே பதினொண்டுதானே!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அந்தக் கருவ வைக்க வேணாம். அவக்கு இன்னொருக்கா ஊசி குத்தவும் வேணாம். அவ வேற கல்யாணம் முடிக்கட்டும்."

ராத்தா அழத் தொடங்கினாள்.

"பேக்க வெய்ங்க மருமகன்" என்றார் வாப்பா. அறிக்கையின் அடியில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். ஆய்வுகூடத்துத் துஷாந்தினி எடுத்தாள்.

"மகள், இந்த 4-பி-சிய எத்தின பேர் திருத்தின?"

"திருத்தினதா? நான்தான் சேர் பார்த்தனான்."

"தனியவா? எங்களுக்கு மேல பிரதம பரீட்சகர் ஒராள் இரிப்பார். அவர் திரும்பவும் பாப்பார்."

"ஒரே கருவுக்கு ரெண்டு பேர் ரெண்டு தரம் போடுறது உண்டுதான் சேர். படம் இருக்கு. மேடத்திட்டக் காட்டிப்போட்டு எடுக்கிறன்."

இருபது நிமிடம். மச்சான் பையை மடியில் வைத்தபடி இருந்தார். வாப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. "மாற்றமில்ல சேர். அதே பி, அதே சி."

"அப்ப பெயிலா?"

"ஐயோ, இல்ல சேர். வாய்ப்புக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இப்பிடிக் கருவிலயும் பிள்ளை பிறந்திருக்கு. பிறக்கிற பிள்ளைக்குப் போடுற புள்ளியில்ல இது."

வாப்பா போனை வைத்தார். "கேட்டீங்களா? சி எண்டா திறமைச் சித்தி, நல்ல பாஸ். அதுக்குக் கீழ எஸ் எண்டாலும் சித்திதான். டபிள்யூதான் பெயில்."

மச்சான் தலையைத் தூக்கவில்லை. வாப்பா அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அது வகுப்பறைக் குரல்தான்.

"முதல்தரம் எழுதக்குள்ள எனக்குக் கணக்குக்கு எஸ்."

மச்சானுக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

உம்மா அகப்பையோடு வாசலில் நின்றார். "என்ன எஸ்? என்ட வாப்பாக்கிட்ட ஏ எண்டு சொல்லித்தானே என்னைக் கேட்டு வந்த?"

"அது ரெண்டாந்தரம்..." என்றார் வாப்பா.

"கருவ வைப்பமா ஹிமாயா?" என்று மச்சான் கேட்டார்.

ராத்தா பையைப் பறித்து, அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"கொழும்புக்கு எந்தத் திகதிக்கு வாறதெண்டு கேளு" என்றாள் என்னிடம்.

வெறும் பையை உம்மா காலால் வாப்பா பக்கம் தள்ளினார்.