இரண்டு காதுக்கும் ஒரே மடி

திரையில் அந்தக் குட்டி விமானம் கடல்மேல் அப்படியே நிற்கிறது, நகர்கிறதா என்றே தெரியவில்லை, திரையின் அடியில் இன்னும் போக வேண்டிய தூரம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது, எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டன, பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்கிறார், சும்மா தலையாட்டி வைக்கிறேன், டொரண்டோவுக்கும் மதுரைக்கும் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், தோஹாவில் மாறி, சென்னையில் மாறிப் போய்ச்சேர ஒரு நாள் முழுசாகத் தின்றுவிடும், தின்னட்டும், என் தங்கை வேணியின் மகளுக்குக் காதுகுத்து, குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, தாய்மாமன் மடிக்கு எங்கே போவது, வேணியின் மாமியார் தானாகவே ஆள் பிடித்துவிட்டார், வேணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் காசிராஜனாம், எங்கள் அம்மா செத்தபோதுகூட எட்டிப் பார்க்காதவன், நான் வந்து உக்கார்றேன் அத்தே என்று போனில் சொன்னேன், பெரியம்மா மடியில வச்சுக் காது குத்துனத எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியாத்தா என்றார், வேணி போனை வாங்கி அழுதாள், நீ வந்துரு அக்கா, எனக்கு எதுத்துப் பேச வராது, முகூர்த்தம் தாண்டி ஒரு நிமிசம்கூட நிக்க மாட்டாங்க.

கண்ணை மூடினால் கோயில் வாசல், எனக்கு மூன்று வயது, நினைவா, அம்மா சொல்லிச் சொல்லி வந்த கனவா, அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் இருக்கிறேன், ஆசாரி வலது காதைக் குத்திய கையோடு மாமாவுக்குக் கோபம், தனக்கு முன்னால் வேறு யாருக்கோ மாலை போட்டுவிட்டார்களாம், மரியாத தெரியாத எடத்துல எனக்கென்ன வேல என்று என்னை இறக்கிவிட்டு விறுவிறுவென்று நடக்கிறார், கூட்டம் சலசலக்கிறது, அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணையில் உட்காருகிறாள், எம்புள்ளைக்கு எம்மடி போதும், குத்துங்க ஆசாரி, அவள் மடி நடுங்கியதாம், என் இடது காதுத் துளை இன்றைக்கும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், குட்டி விமானம் கரையைத் தொட்டுவிட்டது.

எப்போது இறங்கினேன், எந்தக் காரில் ஏறினேன் என்றே நினைவில்லை, காது இன்னும் திறக்கவில்லை, பெட்டியோடு கோயில் வாசலில் நிற்கிறேன், மணையில் காசிராஜன், கழுத்தில் மாலை, மடியில் குழந்தை, ஆசாரி கையில் ஊசி, எந்திரி காசி என்கிறேன், அவன் வேணியின் மாமியாரைப் பார்க்கிறான், மாமியார் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், அடைத்த காதில் ஒரு சொல்லும் விழவில்லை, நல்லதாய்ப் போயிற்று, எதிர்த்துப் பேச வராத வேணி வாயே திறக்காமல் குழந்தையை அவன் மடியிலிருந்து அள்ளி என்னிடம் தருகிறாள், அவன் எழுந்துகொள்கிறான், நான் உட்காருகிறேன், குழந்தை வெதுவெதுவென்று இருக்கிறது, ஆசாரி குத்துகிறார், குழந்தை வாய் திறந்து அழுவது தெரிகிறது, சத்தம் மட்டும் எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம், சட்டென்று என் காது திறந்துகொள்கிறது, அத்தனை தூரமும் ஒரே நொடியில் தீர்ந்து அழுகை என் மடிக்கே வந்துவிடுகிறது, அழு தங்கம், பெரியம்மா இங்கதான் இருக்கேன், குழந்தையின் முகத்தை மெல்லத் திருப்பிப் பிடிக்கிறேன், அந்தக் காதையும் குத்துங்க ஆசாரி, நான் எந்திரிக்க மாட்டேன்.